பால் மரம் வந்த கதை

கேள்வி: பிரேசிலில் இருந்து ஒரு வெள்ளைக்காரர் ரப்பர் விதையைத் திருடி வந்ததால்தான் மலேயாவில் தோட்டங்கள் உருவாயின என்கிறார்களே, உண்மையா?

பதில்: பாதி உண்மை. 1876-இல் ஹென்றி விக்காம் அமேசான் பகுதியில் சுமார் 70,000 விதைகளைச் சேகரித்து லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துக்குக் கப்பலேற்றினார். விதையை வெளியே கொண்டுபோகத் தடைச் சட்டம் எதுவும் அப்போது பிரேசிலில் இல்லை, அதனால் சட்டப்படி அது திருட்டு ஆகாது. நியாயப்படி என்ன பெயர் வைப்பது என்பது வேறு விஷயம், ஏனென்றால் பின்னால் வந்த லாபத்தில் அந்தக் காட்டு மக்களுக்குப் பங்கே இல்லை. முளைத்தவை 3,000-க்கும் குறைவு. பெரும்பகுதி இலங்கைக்குப் போனது, 1877-இல் சிங்கப்பூருக்கு வந்தவை 22 கன்றுகள்தான்.

கன்று வந்தது சரி, அதை யாரும் சீண்டவில்லையே! துரைமார்களுக்குக் காப்பிதான் பெரிதாக இருந்தது. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்குப் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைக் காயப்படுத்தாமல் பட்டையை மட்டும் மெல்லச் சீவி, அதே வெட்டைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்துப் பால் எடுக்கலாம் என்று காட்டினார், பார்க்கிறவர்களிடம் எல்லாம் விதையைக் கொடுத்து நடச் சொன்னார். 1896-இல் மலாக்காவில் டான் சே யான் என்ற சீன வணிகர் துணிந்து நட்டார். அப்புறம் மோட்டார் கார் வந்தது, டயருக்கு ரப்பர் வேண்டியிருந்தது, காடுகள் அழிந்தன. அமேசானில் நெருக்கி நட்டால் இலைக்கருகல் பூஞ்சை மரங்களை அழித்துவிடும். அந்த நோய் இங்கே வரவில்லை.

ஆனால் விதையும் கத்தியும் மட்டும் இருந்தால் பால் வருமா? விக்காமுக்கு சர் பட்டம் கிடைத்தது, பால் வெட்டிய நம் ஆட்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை, இதை நான் ஆதங்கத்தோடுதான் எழுதுகிறேன். தஞ்சாவூர், திருச்சி, சேலம் பக்கத்துக் கிராமங்களில் கங்காணி, அதாவது தோட்டத்துக்கு ஆள் பிடித்து மேய்க்கும் மேஸ்திரி, முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தார், நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கும்போதே அவர்கள் கடன்காரர்கள். ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் ஒழிந்தும் கங்காணியின் பிடி தளரவில்லை. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால் விடியுமுன்னே பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, வரிசையில் நிற்க வேண்டும், பெண்களும்தான். 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்ததும் ஆயிரக்கணக்கானவர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். விலை ஏறியதும் மறுபடி ஆள் கேட்டார்கள். 1938-இல் இந்திய அரசு தடை போட்ட பிறகுதான் அந்த ஆள்சேர்ப்பு நின்றது.