கொரியப் போர் ஏன் மூண்டது?

கேள்வி: கம்யூனிசம் பரவுவதைத் தடுக்க அமெரிக்கா நடத்திய போர் என்றே கொரியப் போரைப் பற்றிப் பள்ளியில் படித்தோம். அது மட்டும்தான் காரணமா?
– கும்பகோணம் வாசகர் ஒருவர்

பதில்: அமெரிக்கா ஏன் களத்தில் இறங்கியது என்பதற்கு அந்த விளக்கம் பொருந்தும், போர் ஏன் மூண்டது என்பதற்கு அது போதாது.

1910 முதல் ஜப்பானின் பிடியில் இருந்த கொரியாவை, 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடையும் தறுவாயில், வாஷிங்டனில் டீன் ரஸ்க், சார்லஸ் போன்ஸ்டீல் என்னும் இரு இராணுவ அதிகாரிகள் பின்னிரவில் ஒரு நேஷனல் ஜியாக்ரபிக் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, தலைநகர் சியோல் தங்கள் பக்கம் அமையும்படி, 38ஆவது அட்சக்கோட்டில் இரண்டாகப் பிரித்தார்கள். கொரியர் ஒருவரிடமும் கருத்துக் கேட்கப்படவில்லை. வடபாதியைப் பெற்ற சோவியத் ஒன்றியமும் மறுப்பின்றி அதை ஏற்றது. இந்த அநீதியே போரின் வேர் என்பது என் உறுதியான கருத்து.

1948இல் ஐ.நா. மேற்பார்வையில் தேர்தல் நடத்த ஒரு தற்காலிக ஆணையம் சென்றது. நம் நாட்டின் கே.பி.எஸ். மேனன் அதன் தலைவராக இருந்தார். வடக்கில் அதற்கு அனுமதி கிடைக்காததால் தெற்கில் மட்டுமே தேர்தல் நடந்தது. ஆகஸ்டில் தெற்கே சிங்மன் ரீயின் அரசும், செப்டம்பரில் வடக்கே கிம் இல் சுங்கின் அரசும் அமைந்தன. முழுக் கொரியாவும் தமக்கே உரியது என்று இருவரும் உரிமை கோரியதால், 1949 முழுவதும் எல்லையில் கடும் மோதல்கள் நடந்தன. போர் 1950இல் திடீரென்று முளைத்ததன்று.

ஆனால் படையெடுக்கும் துணிவு வெளியிலிருந்து வந்தது. தெற்கைத் தாக்க அனுமதி கேட்ட கிம்மின் வேண்டுகோளைத் தொடக்கத்தில் மறுத்துவந்த சோவியத் தலைவர் ஸ்டாலின், 1949இல் சோவியத் அணுகுண்டுச் சோதனை வெற்றி பெற்று, சீனாவும் மாவோவின் வசமாகி, தென்கொரியாவிலிருந்து அமெரிக்கப் படைகளும் வெளியேறிய பின், 1950இன் தொடக்கத்தில் மனம் மாறினார்; மாவோவின் ஒப்புதலையும் பெற வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். சோவியத் ஒன்றியம் சிதைந்த பின் வெளிவந்த ஆவணங்கள் இதை உறுதிப்படுத்துகின்றன. ஜூன் 25 அன்று டி-34 டாங்கிகளுடன் வடகொரியப் படை எல்லையைக் கடந்தது. மூன்றே நாளில் சியோல் வீழ்ந்தது.

அமெரிக்க அதிபர் ட்ரூமன் இதை ஒரே இனத்தாரின் உள்நாட்டுச் சண்டையாகப் பார்க்கவில்லை. 1930களில் ஆக்கிரமிப்பாளர்களைத் தடுக்காமல் விட்டதன் விளைவை நினைத்து, மாஸ்கோவின் சோதனை முயற்சியாகவே கண்டார். சீனாவின் இருக்கையைக் கம்யூனிச அரசுக்குத் தராததைக் கண்டித்து அப்போது சோவியத் பிரதிநிதி ஐ.நா. பாதுகாப்பு அவையைப் புறக்கணித்திருந்ததால், தென்கொரியாவுக்கு உதவும் தீர்மானம் சோவியத்தின் ரத்து அதிகாரத்தால் (வீட்டோ) தடைபடாமல் நிறைவேறியது. நீங்கள் படித்த காரணம் இந்தக் கட்டத்தில்தான் வருகிறது.