பழைய கிப்சன் மாண்டலின்: எதை வாங்கலாம்?

அமெரிக்க கிப்சன் கம்பெனியின் 1914-ஆம் வருட ஏ மாடல் மாண்டலின் ஒன்று, 1924-ஆம் வருட ‘ஸ்னேக்ஹெட்’ ஏ மாடல் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டாவது விலை அதிகம். கொடுக்கலாமா?

கழுத்துக்காகவே கொடுக்கலாம். 1914-இல் கழுத்து தடிமன். உள்ளே கழுத்து வளையாமல் தாங்கும் ட்ரஸ் ராடு கிடையாது. 1920களின் தொடக்கத்தில்தான் கிப்சன் அந்த இரும்புக் கம்பியை வைக்க ஆரம்பித்தது. அதன் பிறகு கழுத்தை மெலிதாகச் செதுக்க முடிந்தது. தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜும் மாறியது: புதியதில் இரண்டு குட்டிச் சக்கரங்களைத் திருகி உயரத்தை ஏற்றி இறக்கலாம், பழையதில் மரத்தை இழைக்க வேண்டும். ஸ்னேக்ஹெட்டின் தலை மேலே போகப்போகக் குறுகும். அதனால் தந்திகள் பக்கவாட்டில் அதிகம் வளையாமல் முறுக்காணிக்குப் போகின்றன, சுருதி சேர்ப்பது சுலபம்.

நாதம் என்று வந்தால் கதை வேறு. இரண்டிலும் முட்டை வடிவத் துளை, செதுக்கிய ஸ்ப்ரூஸ் மர மேல்பலகை. இரண்டிலும் ஒரே ரகப் புதுத் தந்தி போட்டு வாசித்துப் பாருங்கள். 1914-ஆம் வருடக் கிழவன் ஜெயித்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். பிரிட்ஜுக்கு அடியில் பலகை நன்றாகக் குழிந்திருந்தால் மட்டும், பழுதுபார்ப்பவரிடம் காட்டாமல் விலை பேசாதீர்கள்.

கிப்சனின் எஃப்-4, எஃப்-5 மாடல்கள் இரண்டிலும் அதே சுருள் உடம்பு. விலையில் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

உடம்புதான் அதே. 1922-இல் வந்த எஃப்-5-இல் வயலின் போல எஃப் துளைகள், பலகைக்கு அடியில் நீளவாக்கில் இரண்டு கட்டைகள். கழுத்து 12-ஆவது பிரெட்டுக்கு (விரல்பலகையின் உலோகக் கட்டை) பதில் 15-இல் உடம்போடு சேர்கிறது. ஒலி வெடிப்பாக வரும், தூரம் போகும். எஃப்-4 உருண்டையாக, இதமாகப் பேசும். கிப்சனில் வேலை பார்த்த லாயிட் லோர் கையெழுத்திட்ட 1922–24 எஃப்-5-களுக்குத்தான் கிராக்கி. பில் மன்றோ என்ற கலைஞரின் 1923 எஃப்-5, புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசையின் குரலாகவே ஆகிவிட்டதும் ஒரு காரணம். புளூகிராஸ் வாசிக்காதவருக்கு எஃப்-4 போதும் என்பது என் கட்சி. சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

இவற்றில் கர்நாடக சங்கீதம் வாசிக்கலாமா?

வாசிக்கலாம், கமகம்தான் கஷ்டம். இரட்டை இரட்டையாக எட்டுத் தந்திகள். இழுத்தால் விரல் வலிக்கும், நாதமும் சீக்கிரம் அடங்கிவிடும். யு. ஸ்ரீனிவாஸ் கையில் இருந்தது ஒற்றைத் தந்திகள் கொண்ட எலக்ட்ரிக் மாண்டலின். அந்த ஆசை இருந்தால் பணத்தை அந்தப் பக்கம் செலவழியுங்கள்.

உள்ளே லேபிள் உரிந்துவிட்டது. வருடம் எப்படித் தெரியும்?

சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் எடுத்து, உடம்புக்குள் கழுத்து சேரும் மரக்கட்டையைப் பாருங்கள். தொழிற்சாலை எண் அங்கே குத்தியிருக்கும், அதை வைத்து வருடத்தைக் கண்டுபிடிக்கலாம். மங்கியிருந்தால் வெளிச்சத்தைச் சாய்த்து அடியுங்கள்.