குரூக்ஸின் அறைக்குள் போய்ப் பாருங்கள்

ஜான் ஸ்டைன்பெக் 1937-இல் எழுதிய ‘ஆஃப் மைஸ் அண்ட் மென்’ நாவலில் வரும் குரூக்ஸ் பற்றி வாசகர்கள் கேட்டவை இவை. கலிபோர்னியாவில் சோலடாட் ஊருக்குப் பக்கத்துப் பண்ணையில் குதிரை லாயத்தைக் கவனிக்கும் கறுப்பினத் தொழிலாளி அவன். குதிரை உதைத்து முதுகு வளைந்ததால் வந்த பட்டப்பெயர்தான் ‘குரூக்ஸ்’.

அம்மா, தேர்வுக்கு இவனுடைய குணங்களை எழுத வேண்டும். ‘தனிமையில் வாடுபவன்’ என்பதற்கு மேல் எனக்கு எதுவும் ஓடவில்லை.

அவன் அறையிலிருந்து தொடங்கு, தம்பி. சேணங்கள் மாட்டும் அறைதான் அவனுக்கு வீடு. மற்ற கூலியாட்கள் மூட்டையோடு வந்து மூட்டையோடு போகிறவர்கள். இவன் அங்கேயே தங்கிவிட்டவன் என்பதால் பொருள்கள் சேர்ந்திருக்கின்றன. கிழிந்த அகராதி, தங்க விளிம்புக் கண்ணாடி, 1905-ஆம் ஆண்டின் கலிபோர்னியா சிவில் சட்டப் புத்தகம். அந்தப் புத்தகம் நைந்து கிடக்கிறது. அறையோ கூட்டிப் பெருக்கியபடி இருக்கிறது. தன்மானம், படிப்பு, பிறரை அண்டவிடாத பிடிவாதம் எல்லாவற்றுக்கும் சான்று அங்கேயே கிடைக்கும்.

வெள்ளை மனம் கொண்ட கூலியாள் லென்னியிடம், அவனைக் கவனித்துக்கொள்ளும் நண்பன் ஜார்ஜைப் பற்றி, ‘ஜார்ஜ் திரும்பி வராவிட்டால் என்ன செய்வாய்?’ என்று சீண்டுகிறானே, அது கொடுமை அல்லவா?

கொடுமைதான். அதை மூடி மறைத்து எழுதாதீர்கள். ஆனால் லென்னி கோபத்தோடு எழுந்ததும் குரூக்ஸ் பின்வாங்குகிறான், அதன்பிறகே உள்ளே இருப்பது வெளியே வருகிறது: தான் மற்றக் கூலியாட்களோடு சீட்டாட முடியாது, புத்தகம் துணையாகாது, பக்கத்தில் ஒரு மனிதன் வேண்டும். பல ஆண்டுகளாகத் தன்னைத் தின்ற பயத்தை ஒரு நிமிடம் இன்னொருவன் முகத்தில் பார்க்க விரும்பியிருக்கிறான் என்றே நான் வாசிக்கிறேன்.

கிறிஸ்துமஸ் அன்று கூலியாட்கள் தங்கும் விடுதிக்குள் அவனை விட்டார்களே?

விட்டார்கள், அன்று ஒருவன் அவனோடு சண்டைக்குப் போனான். முதுகு ஊனமானவன் என்பதால் எதிராளி காலால் உதைக்கக் கூடாது என்றார்கள். அவர்கள் காட்டிய இரக்கம் அவ்வளவுதான். மற்றொரு நாள் கோவேறு கழுதை ஓட்டும் ஸ்லிம்மிடம் சேதி சொல்ல வரும்போது, குரூக்ஸ் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டுகிறான்.

பண்ணை முதலாளியின் மகன் கர்லியின் மனைவி மிரட்டியதும் அடங்கிவிடுகிறான். கோழையா?

இல்லவே இல்லை. சற்று முன்புதான் ஜார்ஜ், லென்னி, கிழட்டுத் தொழிலாளி கேண்டி மூவரின் சொந்த நிலம் வாங்கும் கனவில் தானும் சேர்ந்து கூலியில்லாமல் உழைக்கிறேன் என்றான். அந்தத் தெம்பில், என் அறைக்குள் வர உங்களுக்கு உரிமை இல்லை என்று அவளிடம் சொல்கிறான். சட்டம் படித்தவன் வாயிலிருந்து வந்த சொல் ‘உரிமை’. அவளோ, தான் நினைத்தால் அவனை மரத்தில் தொங்கவிட முடியும் என்கிறாள். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி குற்றம் சாட்டினாலே கறுப்பின ஆண்களைக் கும்பல் தூக்கிலிட்ட நாடு அது. சட்டப் புத்தகம் இருக்கும் அதே அறையில்தான் அவள் இதைச் சொல்கிறாள். அவன் குரலில் உயிரே இல்லாமல் போகிறது. நாவலில் அவளுக்குச் சொந்தப் பெயர்கூடக் கிடையாது, பண்ணையில் அவள் அதிகாரம் செல்லுபடியாகும் ஆள் இவன் ஒருவன்தான் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

பிறகு ஏன் கனவையே வேண்டாம் என்கிறான்?

போகிற கேண்டியைக் கூப்பிட்டு, நான் சொன்னது விளையாட்டுக்கு என்கிறான். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, சட்டையைத் தூக்கி, முதுகில் தைலம் தேய்த்துக்கொள்கிறான். லென்னி வாசலில் வந்து நிற்பதற்கு முன்னும் அதையேதான் செய்துகொண்டிருந்தான்.