அறுந்த நரம்பும் ஸ்டெம் செல்லும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: மணிக்கட்டில் அறுந்த நரம்பைத் தைத்து இரண்டு மாதம் ஆகிறது. விரல் நுனி இன்னும் மரத்தே இருக்கிறது. ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்) ஊசி போட்டால் சீக்கிரம் சரியாகுமா?

பதில்: இரண்டு மாதத்தில் மரத்துத்தான் இருக்கும், பதறாதீர்கள். வெட்டுப்பட்ட இடத்துக்குக் கீழே பழைய நரம்பிழை சிதைந்துவிடும். புது இழை மேலிருந்து வளர்ந்து இறங்க வேண்டும், அதுவும் நாளுக்கு சுமார் 1 மில்லிமீட்டர்தான். விரல் நுனியை எட்டவே ஆறேழு மாதம் பிடிக்கும். மருத்துவர் அந்த நரம்பின் வழியே விரலால் மெல்லத் தட்டிக்கொண்டே போவார். ஓரிடத்தில் கரண்ட் அடித்ததுபோல் சுர்ரென்று இருக்கும். அந்த இடம் மாதாமாதம் கீழே நகர்ந்தால் இழை வளர்கிறது. நகரவே இல்லையென்றால் அறுவை செய்தவரிடம் உடனே போங்கள். ஊசியைத் தேடிப் போக வேண்டாம்.

கேள்வி: ஸ்டெம் செல் புது நரம்பாகவே மாறிவிடுமா?

பதில்: மாறாது, மாறவும் வேண்டியதில்லை. கைகால் நரம்பு அறுந்தாலும் அதன் தாய்ச் செல் தண்டுவடத்திலோ அதன் அருகிலோ பெரும்பாலும் உயிரோடு இருக்கிறது. இழைக்கு வழிகாட்டுவது, அதைச் சுற்றியிருக்கும் ஷ்வான் செல்கள் எனும் துணைச் செல்கள். சிதைந்த கழிவை அகற்றி, வரிசையாக நின்று, இழை வளரத் தூண்டும் பொருள்களைச் சுரப்பவை அவைதான். ஆனால் மாதக்கணக்கில் இழை வந்து சேராவிட்டால் அவை சோர்ந்துபோகும். கொழுப்பிலிருந்தோ எலும்பு மஜ்ஜையிலிருந்தோ எடுத்த ஸ்டெம் செல்கள் அங்கே துணைக்கு வருகின்றன. அவை சுரக்கும் பொருள்களில்தான் பலன் என்பது இன்றைய புரிதல்.

கேள்வி: நரம்பில் ஒரு துண்டே போய்விட்டால்?

பதில்: கெண்டைக்காலின் பின்புறமுள்ள உணர்வு நரம்பை எடுத்து ஒட்டுவதுதான் இன்றும் முதல் தேர்வு. பாதத்தின் வெளிப்பக்கம் கொஞ்சம் மரத்துப்போகும், அதுதான் விலை. 3 சென்டிமீட்டருக்கு உட்பட்ட இடைவெளியில் இரு முனைகளையும் இணைக்கக் குழாய் வைப்பதும் உண்டு. அந்தக் குழாயை ஸ்டெம் செல்லால் நிரப்பும் ஆய்வுகள்மீது எனக்கு உண்மையிலேயே நம்பிக்கை இருக்கிறது. ஆனால் பெரும்பாலானவை எலியின் கால் நரம்பில், ஓரிரு சென்டிமீட்டர் இடைவெளியில் நடந்தவை. மனிதக் கையின் நீளம் வேறு.

கேள்வி: பணம் கட்டினால் ஆய்வில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். சேரலாமா?

பதில்: நெறிமுறைக் குழு ஒப்புதலும் ஆய்வின் பதிவு எண்ணும் கேளுங்கள். காட்ட அவர்கள் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: இந்தச் சிகிச்சை முழுமையாக வரும்வரை அறுவையைத் தள்ளிப்போடலாமா?

பதில்: கூடவே கூடாது. நரம்பு வராத தசை சுமார் 12 முதல் 18 மாதத்துக்குள் மீட்க முடியாத நிலைக்குப் போய்விடும். அதற்குப் பிறகு இழை வந்து சேர்ந்தாலும் அசைக்க அங்கே தசை மிஞ்சாது. இன்று கிடைக்கும் அறுவையை இன்றே செய்துகொள்ளுங்கள். அப்புறம் மூட்டுகள் இறுகிவிடாமல் தினமும் இயன்முறைப் பயிற்சி, மரத்த விரல் அடுப்பருகே போகாமல் கவனம்.