பல்லுக்குக் கிளிப் போட 28 ஆயிரமா, 55 ஆயிரமா?

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. மேல் முன்பற்கள் தூக்கலாக இருக்கின்றன, உதடு சேருவதில்லை. கடலூரில் ஒரு கிளினிக்கில் கிளிப் போட 28,000 ரூபாய் என்றார்கள். புதுச்சேரியில் ஒரு டாக்டர் 55,000 சொன்னார். கம்பிக்குப் பதிலாகப் பல்லில் மாட்டும், வெளியே தெரியாத அலைனர் உறை 1,25,000, மாதத் தவணையில் கட்டலாம் என்கிறது ஒரு கம்பெனி. 'பல் மருத்துவக் கல்லூரிக்குப் போ, செலவே இருக்காது' என்கிறார் என் அண்ணன். எங்கள் வருமானத்துக்கு 55,000 பெரிய தொகை. குறைவாகச் சொன்ன இடத்தில் போட்டால் தவறாகிவிடுமா?
- ஒரு வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: அம்மா, தொகை குறைவு என்பதற்காக ஓர் இடத்தை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தத் தொகைகள் எல்லாம் ஒரே வேலைக்கான விலையா என்பதே இன்னும் தெரியவில்லை. பல்லில் ஒட்டும் பிராக்கெட்டும் கம்பியும் மொத்தச் செலவில் சிறு பங்குதான். எந்தப் பல்லை எவ்வளவு நகர்த்துவது என்று திட்டமிடுபவருக்கும், மாதாமாதம் பார்த்துத் திருத்துபவருக்கும்தான் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள். அவர் யார், அவர் வைத்திருக்கும் திட்டம் என்ன என்று கேட்டுவிட்டுத் தொகைக்கு வாருங்கள்.

முதலில் வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். மகளைக் கடைவாய்ப் பற்கள் சேரும்படி கடிக்கச் சொல்லுங்கள். பூஜ்யம் விளிம்பிலேயே தொடங்கும் சின்ன ஸ்கேலைப் படுக்கைவாட்டில் பிடித்து, அதன் நுனியைக் கீழ் முன்பல்லின் முகப்பில் வையுங்கள். மேல் முன்பல்லின் விளிம்பு எத்தனை மில்லிமீட்டரில் நிற்கிறது? 2, 3 என்றால் இயல்பு. 6-ஐத் தாண்டினால், சைக்கிளிலிருந்தோ விளையாடும்போதோ விழுந்தால் அந்தப் பற்கள் உடையும் ஆபத்து அதிகம். அப்படி இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

அவசரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. பல் தூக்கலாகத் தெரிவது மேல்பற்கள் முன்னே வந்ததாலும் இருக்கலாம், கீழ்த்தாடை வளராமல் பின்தங்கியதாலும் இருக்கலாம். தாடைதான் காரணம் என்றால், வளரும் வயதில் ட்வின் பிளாக் போன்ற கழற்றி மாட்டும் கருவியால் கடியை, அதாவது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரும் விதத்தை, பெரிதும் சரிசெய்யலாம். பெண் பிள்ளைகளுக்கு வயதுக்கு வந்தபின் வளர்ச்சி வேகம் குறைந்துகொண்டே போகும். அந்தக் கட்டம் முழுதும் தாண்டிவிட்டால், பல்லை எடுத்துச் சமாளிப்பதோ, பெரிய அளவில் தாடைக் குறை இருந்தால் 18 வயதுக்கு மேல் அறுவை சிகிச்சையோதான் மிஞ்சும். பணம் சேரட்டும் என்று ஒரு வருடம் காத்திருப்பது உங்கள் மகள் விஷயத்தில் செலவைக் கூட்டிவிடக்கூடும்.

தாடையா பல்லா என்று வாயைத் திறந்து பார்த்து மட்டும் சொல்ல முடியாது. எல்லாப் பற்களையும் ஒரே படத்தில் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே, தலையைப் பக்கவாட்டில் எடுக்கும் எக்ஸ்ரேயான லேட்டரல் செஃபலோகிராம், இரண்டு தாடைக்கும் அச்சு அல்லது ஸ்கேன், முகத்துக்கும் பல்லுக்கும் போட்டோ, இவ்வளவும் வேண்டும். செஃபலோகிராமில் தெரியும் கழுத்தெலும்பின் வடிவத்தைப் பார்த்தே எவ்வளவு வளர்ச்சி மீதம் இருக்கிறது என்று கணிக்கிறோம். உங்களிடம் தொகை சொன்னவர்களில் யார் இவற்றைப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்? பார்க்காமல் சொன்னது உத்தேசத் தொகைதான், 55,000 என்றாலும் சரி.

தூக்கல் அதிகமிருந்தால் மேலே இரண்டு, அல்லது மேலும் கீழுமாக நான்கு முன்கடைவாய்ப் பற்களை எடுக்கச் சொல்வார்கள். ஒரு பல் எடுத்தால் சுமார் 7 மி.மீ. இடம் கிடைக்கும். முன்பற்கள் பின்னால் வருவதற்கே அந்த இடம் பயன்பட வேண்டும். ஆனால் முன்பல்லைப் பின்னுக்கு இழுக்கும் அதே விசை கடைவாய்ப் பல்லை முன்னுக்கு இழுக்கும். கயிறிழுக்கும் போட்டி போலத்தான். பின்பக்கம் பிடிமானம் இல்லையென்றால் கடைவாய்ப் பல் நகர்ந்து வந்து அந்த இடத்தைத் தின்றுவிடும். சந்து மூடிவிடும், வரிசையும் நேராகத் தெரியும், தூக்கல் மட்டும் பாதி அப்படியே நிற்கும். நல்ல பற்களை இழந்தும் உதடு சேராத பிள்ளைகள் பலரிடம் நடந்திருப்பது இதுதான். அவசரத்தால் வரும் கோளாறு வேறு. முதலில் 0.014 இன்ச் போன்ற மெல்லிய வட்டக் கம்பியில் வரிசைப்படுத்திவிட்டு, கெட்டியான செவ்வகக் கம்பிக்கு மாறிய பிறகே சந்தை மூட வேண்டும். மெல்லிய கம்பியிலேயே ரப்பர் செயின் போட்டு இழுத்தால் வேர் நகராது. பல் உள்பக்கம் சாய்ந்து, மேல்பல் கீழ்ப்பல்லை மூடி இறங்கிவிடும்.

அதனால் டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'பல் எடுக்க வேண்டுமா? எடுத்தால் பிடிமானத்துக்கு என்ன செய்வீர்கள்?' என்பதுதான். அண்ணத்தில் கம்பி, தாடை எலும்பில் பதிக்கும் மினி ஸ்க்ரூ என்று ஏதாவது ஒன்றைச் சொல்லி, ஏன் அது என்று எக்ஸ்ரேயைக் காட்டி விளக்குபவரை நம்பலாம். 'ஆறே மாதத்தில் முடித்துவிடலாம்' என்றால் கணக்குப் பாருங்கள்: சந்து மாதத்துக்குச் சுமார் 1 மி.மீ. மூடும், அதற்கே ஏழெட்டு மாதம். வரிசைப்படுத்த முன்னால் சில மாதம், கடியைப் பொருத்தப் பின்னால் சில மாதம். ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும்.

லேசான கோணல் என்றால் அனுபவமுள்ள பி.டி.எஸ். டாக்டரே பார்த்துவிடலாம். பல் எடுத்துச் செய்யும் சிகிச்சைக்கு எம்.டி.எஸ். ஆர்த்தோடான்டிக்ஸ், அதாவது பல் வரிசையைச் சீராக்கும் பிரிவில் மேல்படிப்பு, படித்தவரிடம் போங்கள். போர்டில் எம்.டி.எஸ். என்று மட்டும் இருந்தால் எந்தப் பிரிவு என்று கேளுங்கள். வேர் சிகிச்சைக்கும் ஈறுக்கும்கூட எம்.டி.எஸ். உண்டு. நம் ஊர்க் கிளினிக்குகள் பலவற்றில் ஆர்த்தோ டாக்டர் குறிப்பிட்ட நாளில் வந்து போவார். அதில் தவறில்லை. கடைசிவரை அவரே வருவாரா, நடுவில் பிராக்கெட் கழன்றால் யார் பார்ப்பார்கள் என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி தொகை. எக்ஸ்ரே, பல் எடுப்பது, சுத்தம் செய்வது, மினி ஸ்க்ரூ, கழன்ற பிராக்கெட்டை மீண்டும் ஒட்டுவது, கடைசியில் பல் நகராமல் பிடித்து வைக்கும் ரிட்டெய்னர், இவற்றில் எது அடக்கம், எது தனி என்று எழுதி வாங்குங்கள். 28,000-ல் இவை எதுவும் இல்லையென்றால் வித்தியாசம் நன்றாகச் சுருங்கிவிடும். புதுச்சேரி என்றால் இருபது தடவைக்கு மேல் இரண்டு பேருக்குப் பஸ் செலவு, உங்கள் அரை நாள் வேலை இவற்றையும் கூட்டுங்கள். மொத்தப் பணத்தையும் முன்னால் கட்டாதீர்கள். ஆரம்பத்தில் ஒரு பங்கு, மீதி மாதாமாதம் என்பதே பழக்கம். அலைனர் கம்பெனியின் தவணை பெரும்பாலும் நிதி நிறுவனக் கடன். சிகிச்சையை நடுவில் நிறுத்தினாலும் கடன் நிற்காது. தவிர, ஒரு நாளைக்கு 22 மணி நேரம் மாட்டியே இருக்க வேண்டிய அலைனரை, பல் எடுத்து மூடும் சிகிச்சைக்கு, 13 வயதுப் பிள்ளைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். சாதாரண உலோகக் கிளிப்பே நன்றாக வேலை செய்யும். செராமிக்கில் கூடுதல் பணம் தோற்றத்துக்குத்தான்.

அண்ணன் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. சிதம்பரம் அண்ணாமலை நகர், புதுச்சேரி கோரிமேடு, பிள்ளையார்குப்பம் பல் மருத்துவக் கல்லூரிகளில் ஆர்த்தோ பிரிவு உண்டு. செலவே இராது என்பதில்லை, ஆனால் வெளியே ஆவதைவிடக் குறையும். முதுநிலை மாணவர் செய்வார், பேராசிரியர் பார்வையிடுவார். திட்டத்தை நாலு பேர் அலசுவது நல்லதே. படிப்பு மூன்று வருடம் என்பதால் கடைசி வருட மாணவரிடம் ஆரம்பித்தால் பாதியில் கை மாறும். முதல் அல்லது இரண்டாம் வருடத்தவரிடம் கேஸ் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். வேலை நாளில் காலையில் போக வேண்டும், காத்திருக்க வேண்டும், பள்ளி விடுப்பு ஆகும்.

எங்கே போட்டாலும் ரிட்டெய்னரை விட்டுவிடாதீர்கள். கழற்றிய உடனே பல் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். முதல் சில மாதம் முழு நாளும், பிறகு பல வருடம் இரவிலும் மாட்ட வேண்டும்.

28,000 சொன்ன இடத்தில் ஆர்த்தோ டாக்டர் ஒருவரே தொடர்ந்து பார்க்கிறார், எக்ஸ்ரே வைத்துத் திட்டம் சொல்கிறார், ரிட்டெய்னரும் அடக்கம் என்று எழுதித் தருகிறார் என்றால் தாராளமாக அங்கேயே போடுங்கள். இல்லையென்றால் கல்லூரியைப் பாருங்கள். எக்ஸ்ரே பிரதியை உங்கள் கையில் வாங்கிக்கொண்டால் இரண்டாவது டாக்டரிடமும் அதையே காட்டலாம். கிளிப் ஒட்டும் முன்பே சொத்தைகளை அடைத்துப் பல்லைச் சுத்தம் செய்துவிடுங்கள். ஒட்டியபின் பிராக்கெட்டைச் சுற்றி அழுக்கு தங்கினால், கழற்றும்போது அந்த இடத்தில் வெள்ளைத் திட்டு நின்றுவிடும். ஃப்ளோரைடு பேஸ்ட்டும் சந்துப் பிரஷ்ஷும் முதல் நாளே வாங்கிக் கொடுங்கள்.