குத்தகைக்காரர் ஏன் தக்கைப்பூண்டு விதைப்பதில்லை?

கேள்வி: மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்களுக்கு 3 ஏக்கர் நஞ்சை இருக்கிறது. நான் கோவையில் வேலை பார்ப்பதால் வருடக் குத்தகைக்கு விட்டிருக்கிறேன். பசுந்தாள் உரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதைத்து, மண்ணோடு மடக்கி உழுங்கள் என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். குத்தகைக்காரர் காதில் வாங்குவதே இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: அடுத்த வருடமும் நிலம் அவரிடம்தான் இருக்கும் என்று சொல்லியிருக்கிறீர்களா?

நான் குத்தகைக் குடும்பத்தில் பிறந்தவள். ஒரு கோடையில் என் அப்பா குளத்து வண்டலை மாட்டுவண்டியில் அடித்து மேட்டு வயல் முழுக்கப் பரப்பினார். சம்பா நன்றாக விளைந்தது. அதைப் பார்த்துவிட்டு நிலக்காரர் குத்தகையை உயர்த்திவிட்டார். அதன் பிறகு அப்பா அந்த வயலில் ஒரு கூடை எருகூடக் கொட்டவில்லை. அவரை நான் இன்றுவரை குறை சொன்னதில்லை.

உங்கள் குத்தகைக்காரரின் கணக்கைப் பாருங்கள். ஏக்கருக்கு 20 கிலோ விதை, விதைக்க ஓர் உழவு, 45 நாளில் பூக்கும் தருவாயில் மடக்கிவிட இன்னோர் உழவு. எல்லாம் அவர் கைக்காசு. தழைச்சத்து அந்தச் சம்பாவுக்கே கிடைத்துவிடும், யூரியாச் செலவு குறையும், உண்மைதான். ஆனால் களிமண் இளகுவதும் மண்ணில் மக்கிய சத்து சேர்வதும் வருடாவருடம் போட்டால்தான் தெரியும். அதற்குள் நிலம் வேறு கைக்குப் போய்விட்டால்?

ஆகவே 5 வருடத்துக்குப் பேசி எழுதிக்கொள்ளுங்கள். இடையில் குத்தகையை உயர்த்துவதில்லை என்றும் எழுதுங்கள். எழுதிக் கொடுத்தால் பிறகு குத்தகைக்காரரை வெளியேற்ற முடியாது என்று 1955-ஆம் ஆண்டின் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பயந்துதான் பலர் வாய்ப்பேச்சோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் நிலத்தைப் பாழாக்குபவரை வெளியேற்ற அதே சட்டத்தில் வழி இருக்கிறது. ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

விதைக்காசையும் ஓர் உழவுக் கூலியையும் குத்தகையில் கழித்துவிடுங்கள். மானிய விதை வாங்கப் போனால் நில ஆவணம் கேட்பார்கள். சிட்டா நகலை அவரிடம் கொடுத்துவையுங்கள். வைக்கோலைப் பற்றியும் பேசுங்கள். இயந்திர அறுவடைக்குப் பின் அதைக் கட்டுகளாக்கி விற்பதில் அவருக்குக் கைச்செலவுக்குப் பணம் வருகிறது. மண்ணுக்கு உரமாக வயலிலேயே விடச் சொன்னால் அதற்கு ஈடும் நீங்கள்தான் தரவேண்டும்.

இந்தப் பேச்சை வைகாசிக்குள் முடித்துவிடுங்கள். ஆற்றில் தண்ணீர் வந்ததும் விதைத்தால்தான் சம்பா நடவுக்கு முன் அந்த 45 நாள் கிடைக்கும்.