பொற்காலமா, போதாத காலமா?

கேள்வி: 2023ஐப் போல ஒரு பொற்காலம் வீடியோ கேமுக்கு வந்ததே இல்லை என்கிறேன் நான். மகா மோசமான ஆண்டு அதுதான் என்கிறார்கள் என் நண்பர்களில் பாதிப்பேர். இன்றுவரை சண்டை ஓயவில்லை. நீங்களும் கேம் கம்பெனிகளில் வேலை போனவர்களைப் பற்றியே எழுதிப் புலம்புகிறீர்கள். விளையாடுகிறவனுக்கு நல்ல கேம் கிடைத்ததா இல்லையா, அதைச் சொல்லுங்கள். அப்புறம், ஹாரி பாட்டர் உலகத்து கேமான 'ஹாக்வார்ட்ஸ் லெகசி'யை 'த கேம் அவார்ட்ஸ்' விருதுப் பட்டியலில் சேர்க்காமல் விட்டது நியாயமா?
– வாசகர் ஒருவர், திருப்பூர்

பதில்: கிடைத்தது. வாரி வாரியே கிடைத்தது. மே மாதம் வந்த, நின்டெண்டோவின் 'டியர்ஸ் ஆஃப் த கிங்டம்' மூன்றே நாளில் 1 கோடி பிரதி விற்றது. ஆகஸ்டில் 'பால்டர்ஸ் கேட் 3'. அக்டோபரில் ஒரு வார இடைவெளியில் 'ஸ்பைடர்மேன் 2', 'ஆலன் வேக் 2'. எதை வாங்குவது, எதைத் தள்ளிப்போடுவது என்று மாதச் சம்பளக்காரர்கள் திண்டாடிய ஆண்டு. இதில் உங்களோடு எனக்கு வழக்கே இல்லை.

இந்தப் புகழையெல்லாம் 2023இன் கணக்கில் வரவு வைக்கிறீர்களே, வழக்கு அதில்தான். பால்டர்ஸ் கேட் 3 ஒரு ஆண்டில் முளைத்ததா? பெல்ஜியத்தின் கென்ட் நகரத்து லாரியன் ஸ்டுடியோ ஆண்டுக்கணக்கில் அதன்மேல் உட்கார்ந்திருந்தது. 2020 அக்டோபரிலேயே முதல் பகுதியை விற்பனைக்கு விட்டு, வாங்கியவர்கள் சொன்ன குறைகளைக் கேட்டுக் கேட்டுத் திருத்தியது. லாரியன் பங்குச்சந்தையில் இல்லாத நிறுவனம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை யாருக்கும் லாபக் கணக்கு காட்ட வேண்டியதில்லை, அதனால் காத்திருக்க முடிந்தது. 'டியர்ஸ்' வரவும் முந்தைய பாகத்துக்குப் பிறகு ஆறு ஆண்டு ஆயிற்று. அப்பன் நட்ட தென்னையில் இளநீர் குடித்துவிட்டு இந்த ஆண்டு மழைக்கு நன்றி சொல்கிறீர்கள்.

2023 தன் கையால் செய்தது என்ன என்று பாருங்கள். கொரோனா முடக்கத்தில் வீட்டிலிருந்த உலகம் கேம் ஆடித் தள்ளியது. அந்தக் கூட்டம் அப்படியே நிற்கும் என்று நம்பி கம்பெனிகள் ஆட்களை எடுத்தன, ஸ்டுடியோக்களை வாங்கிக் குவித்தன. வட்டி ஏறியதும் கதை மாறியது. ஸ்வீடனின் எம்பிரேசர் குழுமம் வாய்வார்த்தையாக உறுதியாகியிருந்த 200 கோடி டாலர் ஒப்பந்தத்தை மே மாதம் இழந்தது. ஆகஸ்ட் முடிவதற்குள் 30 ஆண்டு பழமையான வொலிஷன் ஸ்டுடியோவை இழுத்து மூடிவிட்டது. செப்டம்பரில் 'ஃபோர்ட்நைட்' கேமின் எபிக் நிறுவனம் 830 பேரை அனுப்பியது. வருவதைவிட அதிகமாகச் செலவு செய்துவிட்டோம் என்று தலைவர் டிம் ஸ்வீனியே ஊழியர்களுக்கு எழுதினார். செலவு செய்தவர் அவர், வீட்டுக்குப் போனவர்கள் வேறு ஆட்கள். ஆண்டு முடியும்போது உலகம் முழுக்க வேலை போனவர்கள் 10,000 பேர் என்று மதிப்பிட்டார்கள்.

சின்ன ஸ்டுடியோக்களையும் விட்டுவைக்கவில்லை. அவர்களில் ஏராளமானோர் நம்பியிருக்கும், கேம் உருவாக்கும் மென்பொருளை விற்கும் யூனிட்டி, ஒரு வரம்பைத் தாண்டினால் ஒருவரின் போனிலோ கணினியிலோ கேம் இறங்கும் ஒவ்வொரு தடவைக்கும் 20 சென்ட் வரை கட்ட வேண்டும் என்று செப்டம்பர் 12 அன்று அறிவித்தது. பத்து நாளில் பின்வாங்கியது, அடுத்த மாதமே தலைமை அதிகாரி பதவியை விட்டுப் போனார், மறு ஆண்டு அந்தக் கட்டணமே ரத்தானது. கட்டணம் போய்விட்டது. நம்பிக்கை திரும்பவில்லை.

டிசம்பர் 7 அன்று லாஸ் ஏஞ்சலஸில் நீங்கள் கேட்ட அந்த விருது விழா. லாரியனின் தலைவர் ஸ்வென் வின்கே போர்க்கவசம் மாட்டிக்கொண்டு மேடையேறி, ஆண்டின் சிறந்த கேமுக்கான விருதை வாங்கினார். அண்மையில் இறந்துபோன சக ஊழியரை அவர் நினைவுகூர்ந்த அந்தப் பேச்சின்போதே, எதிரே திரையில் 'முடித்துக்கொள்ளவும்' என்று வந்தது. விளம்பர டிரெய்லர்களுக்கு மட்டும் அன்றிரவு நேரப் பஞ்சமே இல்லை. நான்கே நாளில், பால்டர்ஸ் கேட் பெயருக்கு உரிமையுள்ள பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோ 1,100 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. ஹாஸ்ப்ரோ பக்கம் உட்கார்ந்து லாரியனோடு வேலை செய்தவர்களும் அதில் அடக்கம். இதைத்தான் புலம்பல் என்கிறீர்கள். சரி, புலம்பல்தான்.

ஹாக்வார்ட்ஸுக்கு வருகிறேன். திருநர்களைப் பற்றி ஹாரி பாட்டர் கதைகளை எழுதிய ரௌலிங் சொல்லிவந்த கருத்துகளுக்காக அந்த கேமை வாங்காதீர்கள் என்றது ஒரு தரப்பு. அதற்குப் பதிலடியாகவே வாங்கியது இன்னொரு தரப்பு. நேரலையில் விளையாடிக் காட்டியவர்களைத் திட்டித் தீர்த்தார்கள். புறக்கணிக்கச் சொன்ன திருநர்களுக்கும் வசவு குறையவில்லை. வாங்குவதும் வாங்காததும் அவரவர் பணம், அவரவர் மனசாட்சி. வசைபாடியதை மட்டும் எந்தக் கட்சிக்காகவும் நான் நியாயப்படுத்த மாட்டேன். விருது என்பது நடுவர்களாக இருக்கும் ஊடகங்களின் ஓட்டு, விற்பனைக் கணக்கு அல்ல. 'ஸ்டார்ஃபீல்ட்' எத்தனை ஆர்ப்பாட்டத்தோடு வந்தது! அதற்கும் ஒரே ஒரு பிரிவில்தான் பரிந்துரை. ஓராண்டுக்குள் 2 கோடிக்கு மேல் விற்ற ஹாக்வார்ட்ஸுக்காக நீங்கள் ஏன் கண்ணைக் கசக்க வேண்டும்?

விளையாடுகிறவனுக்கு இதனால் என்ன என்று கேட்டீர்கள் அல்லவா? 2023 ஜனவரியில் முன்னறிவிப்பே இல்லாமல் வந்து எல்லோரையும் ஆடவைத்த 'ஹை-ஃபை ரஷ்' உங்கள் பொற்காலப் பட்டியலில் கட்டாயம் இருக்கும். ஒலி வடிவமைப்புக்கு அதே விழாவில் விருதும் வாங்கியது. அதைச் செய்த டோக்கியோவின் டாங்கோ ஸ்டுடியோவை மைக்ரோசாஃப்ட் 2024 மே மாதம் மூடுவதாக அறிவித்தது. 6,870 கோடி டாலருக்கு ஆக்டிவிஷன் என்ற கேம் நிறுவனத்தை வாங்கி முடித்து ஏழு மாதம்கூட ஆகவில்லை. ஆகஸ்டில் கொரியாவின் கிராஃப்டன், அதாவது நம் பையன்கள் விடிய விடிய ஆடும் பிஜிஎம்ஐயின் சொந்தக்காரர்கள், 'ஹை-ஃபை ரஷ்' உரிமையை வாங்கி டாங்கோவைத் தூக்கி நிறுத்தினார்கள். இரண்டாம் பாகம் என்று ஒன்று வந்தால், உங்கள் நன்றிக் கடிதத்தை அவர்கள் முகவரிக்கு எழுதுங்கள்.